குழந்தைகளோடு வேலை செய்பவருக்கு சூப்பர்விஷன் தர ஆள் வேண்டும் – மயிலாடுதுறை

வணக்கம். மயிலாடுதுறையில் குழந்தைகளுக்கு விளையாட்டு வழி சிகிச்சை தருகிறேன், நான்கு வருடமாகிறது. வாரம் 14 குழந்தைகள், 5 முதல் 11 வயது. என் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டிய மூத்தவர் தை மாதம் வெளிநாடு போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வழிகாட்டல், அதாவது சூப்பர்விஷன், இல்லை.

விளைவு எனக்கே தெரிகிறது. ஒரு குழந்தை வாராவாரம் ஒரே பொம்மையை மணல் தட்டில் புதைத்து, மேலே தட்டிச் சமன் செய்யும். நான் அவசரப்பட்டு, “தோண்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு வாரம் மணல் பக்கமே வரவில்லை. அது குழந்தைக்காகக் கேட்டதா, என் பதற்றத்துக்காகக் கேட்டதா? பேச ஆள் இல்லை. வீட்டில் பேசவும் கூடாது.

படித்த கல்லூரியில் கேட்டேன். பெரியவர்கள் கேஸ் மட்டும்தானாம். சென்னையிலிருந்து ஒருவர் ஆன்லைனில் பார்த்தார். முழுக்க ஆங்கிலம், குழந்தை சொன்னதை மொழிபெயர்ப்பதிலேயே பாதி நேரம் போனது. கும்பகோணத்துத் தோழியோடு மாறி மாறிப் பேசினோம். ஆறுதல் கிடைத்தது, அவ்வளவுதான். போக்சோ சட்டப்படி எப்போது தகவல் தர வேண்டும் என்பது தெரியும், சிக்கல் அது இல்லை.

தஞ்சாவூர், திருச்சி என்றால் நேரில் வருவேன், கட்டணமும் தருவேன். குழந்தைகளோடு வேலை செய்த அனுபவமுள்ள, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தமிழிலேயே சூப்பர்விஷன் தரக்கூடிய யாரையாவது தெரியுமா?