புதுப்பிப்பு: மாற்று நெக் மாட்டியாயிற்று
நானே செய்த எலக்ட்ரிக் கிதாரின் நெக் (கம்பிகளுக்கு அடியில் இருக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) முறுக்கிக்கொண்டது, மாற்றாக எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 22 ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கட்டு) உள்ள மேப்பிள் மர நெக் வாங்கிவிட்டேன்.

24.75 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) ஒன்று கண்ணைப் பறித்தது. ஆனால் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் என் பிரிட்ஜ் 25.5 அங்குலக் கணக்கில் வைத்தது. நெக்கை மட்டும் மாற்றினால் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி விலகும். மனசில்லாமல் விட்டேன். வந்த நெக்கில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 12-வது ஃப்ரெட் வரை அளந்தேன்: 324 மி.மீ., 25.5 அங்குலத்தில் பாதி, சரி.

நெக்கின் அடிப்பகுதி, அது உட்காரும் உடலின் பள்ளமான பாக்கெட்டைவிட அரை மில்லிமீட்டர் அகலம். நெக்கைத் தொடாமல் பாக்கெட்டின் சுவரை உப்புத்தாளால் தேய்த்தேன்.

திருகுத் துளை போடாத நெக்காக வாங்கியது நல்லதாயிற்று. ஓரக் கம்பிகள் இரண்டையும் லேசாக இழுத்துக் கட்டி, நெக்கின் விரல் பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்து, கிளாம்ப் போட்டு, அப்புறம்தான் துளையிட்டேன். திருகுகளுக்கு மெழுகு தடவினேன். மேப்பிளில் சும்மா முறுக்கி ஒரு திருகின் தலையை உடைத்த அனுபவம் உண்டு!

இப்போது ஆறாவது கம்பி மட்டும் 2, 3-வது ஃப்ரெட்டுகளில் கரகரக்கிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தியிருக்கிறேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.