நிக்கல் மூவ்மெண்ட் மங்கியிருக்கிறது: மெருகு போடலாமா?

முள்நிழல் கேட்டது:

இரண்டு அமெரிக்க பாக்கெட் வாட்ச்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஹாமில்டன் 992, 16 சைஸ், 21 கல் (சக்கர அச்சுகளைத் தாங்கும் மாணிக்கக் கற்கள்), லீவர் செட் (நாக்கை இழுத்து முள் திருப்பும் வகை). இன்னொன்று வால்தம் ரிவர்சைடு, 1908 மாடல், 19 கல். நேரம் பார்க்க அல்ல, பின்மூடியைத் திறந்து மூவ்மெண்ட்டை, அதாவது உள்வேலையைப் பார்த்து ரசிக்கத்தான் வாங்குகிறேன்.

ஹாமில்டனின் தகடுகளில் உள்ள அலைக்கோடுகள் மங்கித் தெரிகின்றன, ஓர் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருக்கிறது. வால்தத்தில் தகடு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கற்களின் தங்க வளையத்தைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூக்களில் சில நீலம், ஒன்று மட்டும் வெள்ளை. ஹாமில்டன் கேஸில் '20 வருடம்' என்று எழுத்து இருக்கிறது. விற்பவர் அது தங்கம் என்கிறார்.

மங்கலை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கோடுகள் தெளியுமா? இரண்டில் எதை எடுப்பது? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பழையவில்:

பாலிஷ் டப்பாவை முதலில் வீட்டை விட்டே வெளியேற்றுங்கள்.

அந்த அலைக்கோட்டுக்குப் பெயர் டமஸ்கீனிங். ஆழமாகச் செதுக்கியது இல்லை. சுழலும் சின்ன உருளையில் தேய்பொடி பூசி, தகட்டைக் கணக்காக நகர்த்தி நகர்த்தித் தொட்டு எடுத்த கீறல்கள். பக்கத்துப் பக்கத்துக் கீறல்கள் வேறு வேறு திசையில் ஓடுவதால்தான் வெளிச்சம் அங்கங்கே மாறித் தெரிகிறது. மெட்டல் பாலிஷும் தேய்பொடிதான். நாலு இழுப்பு இழுத்தால் எல்லாக் கீறலும் ஒரே திசைக்கு வந்துவிடும். தகடு மின்னும், வடிவம் இருக்காது. தகடு பித்தளையாக இருந்து மேலே நிக்கல் முலாம் மட்டும் என்றால், ஓரங்களில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

உங்கள் வால்தம் 'பளிச்சென்று' இருப்பதாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, உள்ளே நிரப்பிய நிறம் பாதி போயிருக்கிறது. ஸ்க்ரூ குழிகளைச் சுற்றி விளிம்பு உருண்டிருக்கிறது. யாரோ ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள்.

ஹாமில்டனின் மங்கல் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்ப் படலம். அது போகும். செய்முறை இது:

சாவி இறங்காமல் எதையும் கழற்றக் கூடாது. கிரீடத்தை (சாவி கொடுக்கும் குமிழ்) விரலில் பிடித்துக்கொண்டு, கிளிக்கை (வில் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் கொக்கி) விலக்கி, விரலிடுக்கில் மெல்லச் சுற்றவிட்டு வில்லைத் தளர்த்துங்கள். முழுச் சாவியோடு பாலத்தை (சக்கர அச்சுகளின் மேல்முனையைப் பிடிக்கும் தகடு) தூக்கினால் சக்கரங்கள் ஒரு நொடியில் சுழன்று பல்லும் பிவட்டும் (அச்சின் மெல்லிய முனை) போய்விடும்.

பிறகு முழுதாகப் பிரித்து, தகடுகளையும் சக்கரங்களையும் வாட்ச் கழுவும் திரவத்தில் சில நிமிடங்கள் மட்டும். அம்மோனியா கலந்த திரவத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பித்தளையில் வெடிப்பு விழும். ரின்ஸ் இரண்டு முறை, உடனே வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தல். கல் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் திருகி எடுங்கள், குச்சி சுத்தமாக வெளியே வரும்வரை. எழுத்து நிறம் உரிகிற மாதிரி தெரிந்தால் அல்ட்ராசானிக் (ஒலியதிர்வில் கழுவும் கருவி) வேண்டாம்.

பேலட் ஃபோர்க்கும் (சக்கர ஓட்டத்தை விட்டு விட்டுத் தடுக்கும் கவை) பேலன்ஸும் (இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) தனி. பேலட் கற்களையும் பேலன்ஸில் உள்ள ரோலர் கல்லையும் பிடித்து வைத்திருப்பது ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். ஐசோபுரோப்பைலில் போட்டுவிட்டுக் கல்லைத் தேடுபவர்கள் எல்லா மன்றங்களிலும் உண்டு. இவை இரண்டுக்கும் லைட்டர் பெட்ரோல் போதும்.

ரேகை வேறு கதை. வியர்வை நிக்கலை அரித்திருந்தால் கழுவினாலும் நிழலாக நிற்கும். அப்படியே விடுங்கள்.

கல்21:

பழையவில் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. டமஸ்கீனிங்கைப் பார்த்து மயங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது இயந்திர வேலை, சுமாரான தரத்திலும் தாராளமாகப் போட்டிருப்பார்கள். ஒரு வாட்ச்சுக்கு எவ்வளவு கைவேலை போயிருக்கிறது என்பதை எஃகுதான் சொல்லும்.

10 மடங்கு லூப் (உருப்பெருக்கி), கண்ணருகே வைத்து, பொருளுக்கு 25 மில்லிமீட்டர் தூரம். ஒரே ஒரு விளக்கு. முதலில் ரெகுலேட்டரின் (ஓட்ட வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) வளைந்த ஸ்பிரிங், பிறகு ஸ்க்ரூ தலைகள். வாட்ச்சை மெல்லச் சாய்த்துக்கொண்டே இருங்கள். நல்ல மெருகு என்றால் அந்தப் பரப்பு முழுதும் ஒரு கணம் வெள்ளையாக மின்னி, அடுத்த சாய்வில் மொத்தமாகக் கறுத்துவிடும். நடுவில் சாம்பல் நிறம் வரக் கூடாது. அப்படி வந்தால் பரப்பு சமதளம் இல்லை, அல்லது பஃப் சக்கரத்தில் (துணிச் சக்கரம்) தேய்த்தது. கறுப்பு மெருகு வேண்டுமென்றால் வெள்ளீயம் அல்லது துத்தநாகத் தகட்டில் டயமண்டீன் என்னும் மெருகுப் பொடி போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். ஒரு தூசி விழுந்தால் கோடு விழும், திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

அடுத்து ஓரச் சாய்வு. தகட்டு விளிம்பில் 45 பாகை போலச் சாய்த்து மெருகிட்ட பட்டை ஓடும். வெளிமூலையை எந்த இயந்திரமும் செய்யும். உள்மூலையில் இரண்டு சாய்வும் கத்தி முனைபோல் சந்தித்தால் அது கை. உருண்டிருந்தால் இயந்திரம்.

நீல ஸ்க்ரூ: எஃகைச் சூடாக்கும்போது ஏறக்குறைய 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 290 முதல் 300 டிகிரி செல்சியஸில் நீலம். இப்படி வந்த நீலம் ஒரு கோணத்தில் கறுப்பாகவும் அடுத்த கோணத்தில் மயில்கழுத்தாகவும் மாறும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே நீலம் என்றால் ரசாயனம். உங்கள் வெள்ளை ஸ்க்ரூ வேறு வாட்ச்சில் இருந்து வந்தது, அல்லது துருவைத் தேய்த்து எடுத்ததில் நீலம் போயிற்று. அதன் காடியையும் பாருங்கள். உதடு பிய்ந்திருக்கிறது. டிரைவர் முனை காடியின் முழு அகலத்துக்கும் இல்லாமல் ஒல்லியாக இருந்தால் இப்படித்தான் வழுக்கும், அடுத்த வழுக்கலில் பக்கத்துத் தகட்டில் ஒரு கோடு விழும். படத்தில் அந்தக் கோடும் இருக்கிறது.

முள்நிழல்:

பெரிதாக்கிப் பார்த்தேன், கோடு இருக்கிறது! இரண்டு கேள்விகள். கல் எண்ணிக்கை அதிகமென்றால் வேலைப்பாடும் உயர்வு என்று எடுத்துக்கொள்ளலாமா? கேஸ் விஷயமும் யாராவது சொல்லுங்கள்.

நிக்கல்ராஜா:

கல் கணக்கு: 17 என்றால் சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் இருபுறமும் கல் வந்துவிட்டது. பேலட், எஸ்கேப் வீல் (பேலட்டைத் தள்ளும் சக்கரம்) இரண்டுக்கும் மேலும் கீழும் மூடிக்கல் (அச்சு முனையை மூடித் தாங்கும் கல்) நாலு சேர்ந்தால் 21. பீப்பாய்க்கு (வில் சுருண்டிருக்கும் டப்பா) இரண்டு சேர்ந்தால் 23. அதற்கு மேல் வரும் எண்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். ரயில் எஞ்சின் படம் போட்ட சுவிஸ் போலிகளில் மேல்தகட்டில் சிவப்புக் கல்லாக அடுக்கியிருப்பார்கள், டயலைக் கழற்றினால் கீழே வெறும் பித்தளைத் துளை.

கேஸ்: வருடக் கணக்கு எழுதியிருந்தால் கோல்ட் ஃபில்ட். அதாவது நடுவில் மலிவு உலோகம், இருபுறமும் மெல்லிய தங்கத் தகடு. 20 வருடம் என்பது தேயாமல் தாங்கும் உத்தரவாதம், தங்கத்தின் தரம் இல்லை. சங்கிலி மாட்டும் வளையத்தின் அடிப்பாகம், கிரீடத்தின் கழுத்து, மூடி விளிம்பு மூன்றிலும் பித்தளை தெரிகிறதா பாருங்கள். தங்க விலை கொடுக்காதீர்கள்.

கேஸ் எண்ணும் மூவ்மெண்ட் எண்ணும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் மூவ்மெண்ட்டையும் கேஸையும் தனித்தனியாக விற்று, கடையில்தான் சேர்த்தார்கள். பார்க்க வேண்டியது மூவ்மெண்ட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ கேஸ் உள்விளிம்பில் பதித்த தடம். ஒரு ஜோடித் தடம் என்றால் நல்லது. பயன்படாத தடம் கூடவே இருந்தால் அந்தக் கேஸில் முன்பு வேறொன்று குடியிருந்தது.

லீவர் செட்டில் கிரீடத்தை இழுத்து முள் திருப்ப முயலாதீர்கள். கண்ணாடியுள்ள முன் வளையத்தைத் திருகிக் கழற்றி, டயல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன நாக்கை நகத்தால் வெளியே இழுத்து, கிரீடத்தைச் சுற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நாக்கை உள்ளே தள்ளாமல் வளையத்தைப் போட்டால் டயல் ஓரம் சில்லு பெயரும். எனாமலுக்கு மருந்து இல்லை. பையில் இருந்து எடுக்கும்போது முள் தவறி நகரக் கூடாது என்பதற்காக ரயில்வே கேட்ட ஏற்பாடு இது. 1891 ஏப்ரலில் ஒஹையோவின் கிப்டன் அருகே இரண்டு ரயில்கள் மோதிய பிறகு ரயில்வே கடிகார ஆய்வாளர் வெப் பால் வகுத்த கெடுபிடிகளின் வழியில் வந்தது. வாரத்துக்கு 30 விநாடிக்குள், குறைந்தது 17 கல், 5 நிலைகளில் (படுக்கவைத்தும் நிறுத்தியும்) சரிசெய்தது, எல்லாம் அதில் உண்டு.

பழையவில்:

கல்21க்கு ஒரு வார்த்தை: இயந்திர வேலை என்று அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். முக்கால் தகட்டில் (சக்கரங்களை மூடும் பெரிய தகடு) ஓடும் அலை, பக்கத்துப் பாலத்துக்குத் தாவும்போது கோடு விட்ட இடத்திலேயே தொடர்கிறதா பாருங்கள். தொடர்ந்தால் தகடுகளைச் சேர்த்துப் பூட்டிவைத்துப் போட்டது, பின்னால் எந்தத் தகடும் மாறவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. ஹாமில்டன் படத்தில் தொடர்கிறது.

எடுப்பதற்கு முன் ஒன்று. சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கப் படுக்கவைத்துப் பேலன்ஸைப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு மேலும் கீழும் தள்ளாடினால் அந்தப் பித்தளை-எஃகு விளிம்பு யாரோ விரல்பட்டு வளைந்தது. பிறகு கவிழ்த்துக் காதில் வையுங்கள். இரண்டு நிலையிலும் ஒரே சத்தம் வர வேண்டும், விநாடிக்கு 5 டிக். ஒரு பக்கம் சத்தம் அமுங்கினால் பிவட் தேய்ந்திருக்கிறது. புது ஸ்டாஃப் (பேலன்ஸின் அச்சு) செலவை விலையில் கழியுங்கள்.

கல்21:

தகடு தாவும் கோட்டை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஹாமில்டன்தான். கழுவிய பிறகு அதே கோணத்தில் ஒரு படம் போடுங்கள்.

முள்நிழல்:

காதில் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே சத்தம். கேஸுக்குத் தங்க விலை தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பாலிஷ் டப்பா வாசற்கதவுக் கைப்பிடிக்குப் போய்விட்டது.