பட்டிமன்றத்துக்குக் குறிப்பு வேண்டும்: கட்டாய ராணுவ சேவையா, விருப்பப்பட்டுச் சேர்வதா?

தக்கலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் பட்டிமன்றம். இரண்டு அணிக்கும் குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. தேடினால் கிடைப்பது இரண்டே ரகம். ‘பையன்களைப் பிடித்துப் பட்டாளத்தில் போட்டால் ஒழுங்கு வரும்’ என்பது ஒன்று. ‘கட்டாயம் என்றாலே அடிமைத்தனம்’ என்பது மற்றது. எதிரணி எழுந்து ஒரு கேள்வி கேட்டால் இரண்டும் உட்கார்ந்துவிடும்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு. நம் சட்டம் கட்டாய சேவைக்கு இடம் கொடுக்கிறதா? இந்தியா அளவில் நடத்த முடியுமா, என்ன செலவாகும்? நான்கு வருடத்துக்கு மட்டும் சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் திட்டத்தைக் ‘கொல்லைப்புறக் கட்டாயம்’ என்று ஒரு பேச்சாளர் சொல்லப்போகிறார், அது நிற்குமா? வெளிநாட்டு உதாரணங்களில் எது தாங்கும், எது காலை வாரும்? கூட்டம் நம் ஊர்க் கூட்டம். சிங்கப்பூர், வளைகுடா பற்றியும் யாராவது கேட்பார்கள்.

கோட்டாறு கணக்கு

முதலில் தலையை எண்ணுங்கள் தம்பி, கொள்கையெல்லாம் பிறகு.

இந்தியாவில் ஒரு வருடத்தில் 18 வயதைத் தொடும் ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 1.2 கோடி. தரைப்படையின் மொத்த பலம் 12 லட்சத்தை ஒட்டித்தான். பத்தில் ஒருவனை மட்டும் ஒரே ஒரு வருடத்துக்கு எடுத்தாலே இன்றைய தரைப்படை அளவுக்கு இன்னொன்று வந்து நிற்கும். மேடையில் கோடிக்கணக்கில் சொன்னால் யாருக்கும் மனதில் ஏறாது, அதனால் நம் மாவட்டத்தை வைத்துச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. ஒரு வயதுக்கு ஒன்றரை சதவீதம், அதில் பாதி ஆண்கள் என்று குத்துமதிப்பாக வைத்தால் 14,000 பையன்கள். ஒரு காலாட்படை பட்டாலியனுக்கு 800 பேர் என்றால் இது 17 பட்டாலியன். மெட்ராஸ் ரெஜிமென்ட் மொத்தமே இருபது சொச்சம் பட்டாலியன்தான். ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைகளை வைத்தே வருடத்துக்கு ஒரு ரெஜிமென்ட் கட்டலாம். யார் பயிற்சி கொடுப்பது, எங்கே படுக்க வைப்பது?

செலவு. அக்னிவீரின் முதல் வருடச் சம்பளமான மாதம் 30,000 ரூபாயையே அளவுகோலாக எடுங்கள். வருடத்துக்கு 3.6 லட்சம். 1.2 கோடி பேருக்கு 4.32 லட்சம் கோடி. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் முழுவதும் 6.81 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.6 லட்சம் கோடி. சாப்பாடு, சீருடை, துப்பாக்கி, பாரக் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ‘கட்டாயம்தானே, சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கலாம்’ என்று ஒருவர் சொல்வார். அப்படிச் செய்தால் செலவு மறையாது, அரசின் கணக்கிலிருந்து பையனின் வீட்டுக் கணக்குக்கு மாறும். அந்த வருடத்தில் அவன் வெளியே சம்பாதித்திருக்கக்கூடியதை வரியாகப் பிடுங்குவதற்குச் சமம் அது. அமெரிக்காவில் 1970இல் கேட்ஸ் கமிஷன் கட்டாயத்தைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தபோது இதே வாதம் அதில் முக்கியமாக இருந்தது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் அந்தக் கமிஷனில் உறுப்பினர். 1973இல் அங்கே கட்டாய ஆளெடுப்பு நின்றது.

‘எல்லாரும் வேண்டாம், தேவையான அளவு எடுப்போம்’ என்று எதிரணி பின்வாங்கும். அங்கேதான் பிடிக்க வேண்டும். எல்லாரும் போனால்தான் கட்டாயத்துக்கு நியாயம் உண்டு. நூற்றில் மூன்று பேர் போனால் அது குலுக்கல். தாய்லாந்தில் ஏப்ரல் மாதம் பையன்கள் சீட்டு எடுக்கிறார்கள், சிவப்பு வந்தால் பட்டாளம், கறுப்பு வந்தால் வீடு. குலுக்கலாவது ஒழுங்காக நடக்குமா என்றால் 1969 டிசம்பர் 1 அமெரிக்கக் குலுக்கலைப் பாருங்கள். 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்து மாத வரிசையில் பெட்டியில் போட்டார்கள், நன்றாகக் கலக்கவில்லை. கடைசியில் போட்ட மாதங்கள் மேலாகக் கிடந்தன. நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களுக்கு முன்னால் அழைக்கப்படும் எண்களே அதிகமாக விழுந்தன. போதாததற்குக் கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பு. படிக்க வசதியில்லாதவன் வியட்நாமுக்குப் போனான்.

குழித்துறை குமாஸ்தா

சட்டக் கேள்விக்கு மட்டும் என் பதில்.

இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கத்துக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசுக்குத் தடையில்லை என்கிறது. ஒரே நிபந்தனை, மதம், இனம், சாதி, வர்க்கம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு கூடாது. 1976இல் சேர்த்த 51அ பிரிவில் ‘அழைக்கும்போது தேசிய சேவை செய்வது’ குடிமகனின் கடமைகளில் ஒன்று. அந்தப் பிரிவை மட்டும் காட்டி யாரையும் வீட்டிலிருந்து இழுத்துப் போக முடியாது, தனிச் சட்டம் வேண்டும். இப்போதுள்ள 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் சம்மதத்தின் மேல் கட்டப்பட்டது. சேர்க்கும் அதிகாரி நிபந்தனைகளை விளக்கிச் சொல்லி, வந்தவன் புரிந்துகொண்டு சம்மதிக்கிறான் என்று திருப்தியான பிறகே கையெழுத்து.

எதிரணிக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். 1972இல் நாடாளுமன்றம் தேசிய சேவைச் சட்டம் என்று ஒன்று போட்டது. 30 வயதுக்கு உட்பட்ட பொறியாளர், மருத்துவர்களை 4 வருடம் வரை சேவைக்கு அழைக்க அது வழி செய்தது. சிப்பாய்க்கு இல்லாத கட்டாயத்தை டாக்டருக்கு யோசித்திருக்கிறார்கள், ஏனென்றால் ஆள் தட்டுப்பாடு அங்கேதான். இன்னொன்று, வெள்ளைக்காரன் ஆட்சியில் 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தபோது இங்கிருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்குத்தான் கட்டாயம், இந்தியருக்கு விருப்பம். இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர் போனதும் கட்டாயச் சட்டம் இல்லாமல்தான். வறுமைக்கும் ஊர்ப் பெரியவர்களின் நெருக்கலுக்கும் அதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கட்டாயத்தை நாம் சின்ன அளவில் செய்தும் பார்த்தாயிற்று. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) கட்டாயமானது. 1968இல் மறுபடி விருப்பமாக்கினார்கள். அதே 1968 ஜனவரியில் சென்னை மாநில சட்டமன்றம் மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களையும் எதிர்த்தது. விருப்பப்பட்டு வந்தவனுக்கு எந்த மொழியில் ‘அட்டென்ஷன்’ என்றாலும் பெரிய பிரச்சினையில்லை. கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தவனுக்கு அதுவே அரசியல்.

வடசேரி முக்கு

‘கொல்லைப்புறக் கட்டாயம்’ நிக்காது அண்ணாச்சி. அக்னிவீரா போறவன் போட்டி போட்டு உள்ள நுழையுதான், யாரும் தள்ளல. நம்ம மாவட்டத்துக்கு ஆளெடுப்பு அலுவலகம் திருச்சி. முதல்ல கம்ப்யூட்டர் தேர்வு, பொதுப்பணிக்கு 50 கேள்வி, 100 மார்க்கு, ஒரு மணி நேரம், தப்புக்கு அரை மார்க்கு போவும். 2025ல இருந்து தமிழ்லயும் எழுதலாம். பிறகு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 5 நிமிஷம் 30 நொடிக்குள்ள முடிச்சா முழுசா 60 மார்க்கு. புல்லப்ஸ் 10 எடுத்தா 40. தமிழ்நாட்டுப் பையனுக்கு உயரம் 166 சென்டிமீட்டர், நெஞ்சு 77, மூச்சு இழுத்தா 5 கூடணும். ஓட்டத்துல ஜெயிச்சவன் பேப்பர்ல தோக்கதும் உண்டு. ஆதார்ல இனிஷியல் முன்னால, பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல அப்பா பேரு முழுசா பின்னால, அங்க மாட்டிக்கிடும். இவ்வளவு வடிகட்டறது விருப்பச் சேர்ப்புல மட்டும்தான் முடியும். கட்டாயம்னா வந்ததை வச்சுத்தான் ஓட்டணும்.

அக்னிவீர்ல கேக்க வேண்டிய கேள்வி வேற. எத்தனை வருஷம் வச்சிருக்காவ, விடும்போது என்ன குடுக்காவ, அதுதான். மொத்தம் 4 வருஷம், பயிற்சியும் அதுக்குள்ளதான். சம்பளம் 30,000, 33,000, 36,500, 40,000. அதுல 30 சதவீதம் பிடிச்சுக்கிடுவாவ. மாசம் 9,000, 9,900, 10,950, 12,000ன்னு நாலு வருஷத்துக்குக் கூட்டுனா 5,02,200. அரசு அதே அளவு போடும், 10.04 லட்சம். இதுக்குப் பேருதான் சேவாநிதி. வட்டியோட சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. பையனுக்கே பிடிச்சது பாதிங்கறத மேடையில சொல்லணும், ‘அரசு 11 லட்சம் தருது’ன்னு சொல்லி விட்டுடாதீங்க. 4 வருஷம் முடிஞ்சா 25 சதவீதம் வரைக்கும் நிரந்தரமா எடுப்பாவ. மத்தவனுக்குப் பென்ஷன் இல்ல, கிராஜுவிட்டி இல்ல, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்ல. அதனால கேன்டீன் கார்டு, ஆஸ்பத்திரி வசதி ரெண்டும் கிடையாது. நம்ம ஊர்ல ‘மிலிட்டரிக்காரர் வீடு’ன்னா இந்த ரெண்டும் பென்ஷனும்தான். அது இல்லாத பட்டாளத்துக்குப் பெண் வீட்டார் என்ன மதிப்பு குடுப்பாவன்னு முதல் தொகுதி 2026-27ல வெளிய வரும்போது தெரியும்.

இரணியல் சந்தி

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். கட்டாய அணிக்கும் குறிப்பு வேண்டும் என்றுதானே கேட்டிருக்கிறார்.

அந்த அணி இஸ்ரேலைத் தொடக்கூடாது, ஃபின்லாந்தைப் பிடிக்க வேண்டும். மக்கள்தொகை 55 லட்சம், ரஷ்யாவோடு எல்லை சுமார் 1,340 கிலோமீட்டர். ஆண்களுக்குக் கட்டாயம், பெண்கள் 1995இலிருந்து விருப்பப்பட்டால் சேரலாம். சேவை 165, 255 அல்லது 347 நாள். சாதாரண சிப்பாய்க்கு 165, நிபுணத்துவ வேலை சிலவற்றுக்கு 255, அதிகாரி ஆகிறவனுக்கும் இளநிலைத் தலைவனுக்கும் 347. துப்பாக்கி தொட மறுப்பவனுக்கு 347 நாள் குடிமைப் பணி. போர் வந்தால் 2,80,000 பேரை நிறுத்துவது திட்டம். சமாதான காலத்தில் அவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுக்க எந்தக் கஜானாவாலும் ஆகாது. கட்டாய சேவையின் விளைச்சல் பாரக்கில் இருப்பவன் இல்லை, பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறவன். கோட்டாறு அண்ணாச்சி சம்பளக் கணக்கு மட்டும் போட்டார், ரிசர்வ் கணக்கைப் போடவில்லை.

விருப்பப் படையை நம்பிக் கட்டாயத்தை விட்ட நாடுகள் திரும்பி வந்ததையும் சொல்லுங்கள். லித்துவேனியா 2015இல் மீண்டும் கொண்டுவந்தது. ஸ்வீடன் 2010இல் நிறுத்தி, விருப்பத்தில் ஆள் போதாமல் 2017இல் திரும்ப எடுத்தது, இந்த முறை பெண்களுக்கும் சேர்த்து. நார்வேயில் 2015இலிருந்து இருபாலருக்கும். ஆனால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் எல்லாரையும் எடுப்பதில்லை. எல்லாருக்கும் கேள்வித்தாள், அதிலிருந்து சோதனை, அதிலிருந்து தகுதியும் விருப்பமும் பார்த்து ஒரு சிறு பங்கு. குலுக்கல் அநியாயம் என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.

கோட்டாறு கணக்கு

ஃபின்லாந்து நல்ல உதாரணம், மறுக்கவில்லை. அங்கே ஆள் குறைவு, எல்லை நீளம். இங்கே ஒரு இடத்துக்குப் பல பேர் வரிசையில் நிற்கிறான். ரிசர்வ் வேண்டுமென்றால் கட்டாயம்தான் வழியா? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிராந்திய ராணுவம் இருக்கிறது. வேறு வேலையில் இருந்துகொண்டே வருடத்தில் சில வாரம் சேவை செய்யும் ஏற்பாடு, 42 வயது வரை சேரலாம். அக்னிவீரில் வெளியே வரும் 75 சதவீதத்தை ரிசர்வ் பட்டியலில் வைத்து வருடம் இரண்டு வாரம் கூப்பிட்டால் ஃபின்லாந்து செய்வதில் பாதி நடந்துவிடும்.

இரணியல் சந்தி

வைத்தால்தானே. அந்த 75 சதவீதத்துக்குத் துணை ராணுவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள், ரிசர்வ் கடமை இல்லை. நான்கு வருடம் பழக்கிவிட்டு அப்படியே விடுவதை ஃபின்லாந்துக்காரன் வீண் என்பான். இதைக் கட்டாய அணியின் கடைசிப் பேச்சாளருக்குக் கொடுங்கள்.

குளச்சல் கடற்கரை

சிங்கப்பூர் கேள்விக்கு. குடிமகன்களுக்கும் இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளான ஆண்பிள்ளைகளுக்கும் முழுநேர சேவை 2 வருடம். பதிவு பதினாறரை வயதில். முடித்த பிறகும் வருடத்துக்கு 40 நாள் வரை கூப்பிடலாம், சிப்பாய்க்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை. நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வேலைக்குப் போன தகப்பன் முதல் தலைமுறை நிரந்தரவாசி, அவருக்கு சேவை கிடையாது. அவர் வழியாக நிரந்தரவாசம் வாங்கிய மகனுக்கு உண்டு. 13 வயதுக்கு மேல் பையன் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். ஊரில் தாத்தா வீட்டில் விட்டுப் படிக்க வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தப்பினால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சேவைக்கு முன் நிரந்தரவாசத்தைத் துறந்தால் பின்னால் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது எதிராக நிற்கும்.

வளைகுடா சுலபம். ஐக்கிய அரபு அமீரகம் 2014இல் கட்டாய சேவை கொண்டுவந்தது. கத்தார், குவைத்திலும் உண்டு. மூன்றும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். வேலை விசாவில் இருப்பவருக்குச் சம்பந்தமில்லை.

இன்னொன்று, கூட்டத்தில் ஒருவர் கண்டிப்பாகக் குளச்சல் போரை இழுப்பார். ‘1741இல் ஊரே திரண்டு டச்சுக்காரனை அடித்தது, அதுதான் கட்டாய சேவை’ என்று. 1741 ஆகஸ்ட் 10 வெற்றிக்குப் பிறகு மார்த்தாண்ட வர்மா என்ன செய்தார் என்று திருப்பிக் கேளுங்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாயை வைத்தே ஐரோப்பிய முறையில் கவாத்து பழகிய படையை வளர்த்தார். உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறையே இருக்கிறது. அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் வழியில் வந்ததுதான் இன்று மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆம் பட்டாலியன். விருப்ப அணிக்கு இது உள்ளூர்ச் சரக்கு.

தக்கலைக்காரன்

நிறையக் கிடைத்துவிட்டது, நன்றி. பேச்சாளருக்கு 8 நிமிடம்தான். விருப்ப அணியின் முதல் ஆளுக்குக் கோட்டாறு அண்ணாச்சியின் 17 பட்டாலியன், கட்டாய அணிக்கு ஃபின்லாந்து ரிசர்வ். ‘கொல்லைப்புறக் கட்டாயம்’ வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன், சேவாநிதிக் கணக்கை அங்கே வைக்கிறேன். 14,000 என்பது குத்துமதிப்பு என்று மேடையிலும் சொல்லச் சொல்லட்டுமா?

கோட்டாறு கணக்கு

கண்டிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். நடுவர் கணக்கு வாத்தியாராக இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.