அன்னாசி நுரை நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் தங்கச்சி நிச்சயதார்த்தம், 120 பேர் வருகிறார்கள், மது கிடையாது, அன்னாசிப் பானம்தான், ஆனால் கிளாஸில் சின்னக் காகிதக் குடை கட்டாயம் வேண்டும் என்கிறாள். பானத்தில் அந்தக் குடையையும் ஆர்க்கிட் பூவையும் பிரபலமாக்கியவர் ஹவாயில், வைக்கீக்கியில் பாரில் பானம் கலப்பவராக இருந்த ஹாரி யீ. 1957இல் ‘ப்ளூ ஹவாய்’ காக்டெயிலை முதலில் கலந்தவரும் அவர்தான். ஆர்க்கிட்டுக்கு முன்பு கரும்புத் துண்டைத்தான் செருகினார், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, நம்ம பொங்கல் மாதிரி. கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலில் பிறந்த ‘ஜங்கிள் பேர்ட்’ காக்டெயிலிலும் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் உண்டு.

சரி, கேள்விக்கு வருகிறேன். அன்னாசிச் சாற்றை ஐஸோடு குலுக்கினால் நுரை அழகாக எழும்புகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. மொத்தமாகக் கலக்கும்போது அதை நிற்க வைப்பது எப்படி? ‘அசாம் போய்’ (உப்புப் போட்டு உலர்த்திய பிளம் பழம்) எப்போது போடலாம்? அப்புறம், குடை ஈப்போவில் எங்கே கிடைக்கும்?