சர்க்கரை உள்ளவர்களுக்குத் தெருவிலேயே கண் பார்க்க ஏற்பாடு செய்வது எப்படி?

தங்கச்சிமடத்தான்:
அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 11 வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு காலையில் இறால் உரித்துக்கொண்டிருந்தவர், "கண்ணுக்குள்ள மை கொட்டினாப்புல கறுப்பா ஓடுதுடா" என்றார். மதுரைக்குக் கூட்டிப்போனால் கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள், இப்போது லேசர் நடக்கிறது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் எதிர் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று சரியாகச் சொன்னவர், அதனால் கண்ணைக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் மட்டும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். முன்பு ஒரு முகாம் நடந்தது, கண்ணாடி கொடுத்தார்கள், சிலரை மதுரைக்குப் போகச் சொன்னார்கள், யாரும் போகவில்லை. இந்தத் தடவை உருப்படியாகச் செய்ய என்ன வழி?

மண்டபம் நர்ஸக்கா:
தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுக்கிற முகாம் வேறு, விழித்திரையைப் படம் எடுக்கிற முகாம் வேறு. சர்க்கரையால் விழித்திரை கெட ஆரம்பித்த பிறகும் கடைசி வரி எழுத்து வரைக்கும் தெரியும், வலியும் இருக்காது. படம் எடுக்கக் கண் டாக்டரே வர வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற ஆள் கேமராவில் எடுத்து அனுப்பினால் டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்வார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமத்துப் பார்வை மையங்களில் இப்படித்தான் நடக்கிறது. படம் எடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண் உண்டானால் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பார்த்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள், படம் எடுக்க நல்ல நேரம். ஆனால் கையில் காசு இருக்காது, மதுரைக்குப் போக வரச் செலவுக்கு என்ன செய்வது என்று அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்காரன்:
என் அப்பாவுக்கு லேசர் வைத்தும் பார்வை கூடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் யாரும் போவதில்லை.

மண்டபம் நர்ஸக்கா:
லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் தம்பி, போனதைத் திரும்பக் கொண்டுவர இல்லை. இதை முதலிலேயே சொல்லாமல் அனுப்பினால் அப்பா மாதிரி எல்லோருக்கும் மனசு விட்டுத்தான் போகும். அப்பாவைச் சர்க்கரையோடு பிரஷரையும் கட்டுக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு இரண்டுமே முக்கியம்.

கீழக்கரை லாத்தா:
எங்கள் தெருவில் ஒரு நோட்டுப் போட்டோம். பேர், எத்தனை வருஷமாகச் சர்க்கரை, கடைசியாகக் கண் பார்த்தது எப்போது, அவ்வளவுதான். படம் எடுத்ததில் 9 பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், போனது 2 பேர். மிச்சப் பேரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டோம். ஒருவருக்குத் துணைக்கு வர ஆள் இல்லை, இன்னொருவர் போனால் பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்க யாரும் இல்லை, பாதிப் பேருக்கு வைத்தியம் என்று கண்ணில் ஊசி போடுவார்களே என்ற பயம். அப்புறம் எல்லோருமாகக் காசு போட்டு ஒரு வேன் பிடித்தோம். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்ட ஒரு மாமியை முன் சீட்டில் உட்கார வைத்தோம், மரத்துப்போக மருந்து விடுவார்கள், குத்துவது கண் மூடித் திறக்கிற நேரம் என்று வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். 6 பேர் வந்தார்கள். இன்னும் ஒன்று, முதல் ஊசியிலேயே தெளிவாகத் தெரிகிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்று போடச் சொல்வார்கள். அடுத்த தேதியையும் நோட்டில் எழுதுங்கள், முந்தின நாள் ஒருவர் வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்துங்கள்.

தங்கச்சிமடத்தான்:
ரொம்ப நன்றி லாத்தா, அக்கா. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருகிற அக்காவுக்கு யார் யாருக்குச் சர்க்கரை என்று வீடு வாரியாகத் தெரியும், நாளைக்கு அவரோடு நடந்து பேர் எழுதப் போகிறேன். வேனில் முன் சீட்டுக்கு எங்கள் அம்மா இருக்கிறார்.