பவுனு தீக்குளித்தே ஆக வேண்டுமா? கடைசி அத்தியாயத்துக்கு முன் ஒரு சண்டை

காசிமேட்டுக் கயல்:
தொடர் கடைசி அத்தியாயத்துக்கு வந்தாச்சு. போடுவதற்கு முன்னால் உங்கள் வாயில் விழுந்து எழலாம் என்று வந்திருக்கிறேன்.

முன்கதை தெரியாதவர்களுக்காக: பவுனு காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்கிறவள். கந்துவட்டிக்காரன் ஒருவன் குப்பத்தில் பாதிப் படகுகளை எழுதி வாங்கிவிட்டான். புரோநோட்டு, பறித்த இன்ஜின், டீசல் பேரல் எல்லாம் அவன் கிடங்கில். கடைசியில் பவுனு உடம்பெல்லாம் டீசலை ஊற்றிக்கொண்டு, தீ வைத்துக்கொண்டு, அந்தக் கிடங்குக்குள் பாய்கிறாள். பத்திரமெல்லாம் சாம்பல். படகுகள் மீள்கின்றன.

யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று சொல்லத் தேவையில்லை. 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டபோது, விஜயதசமிக் கூட்டத்தோடு பூக்கூடையில் ஆயுதம் மறைத்துக் கோட்டைக்குள் போய், தன்மேல் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வெள்ளையன் ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலிதான். இதைவிடப் பெரிய முடிவு தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய வண்ணை:
குயிலி வாய்மொழியாக வந்த கதை, அம்மா. கிழக்கிந்தியக் கும்பெனி ஆவணத்தில் அவளை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். அதற்காகக் கதையில் வரக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஆவணம் உள்ள பெண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

வேலு நாச்சியாரைத்தான் சொல்கிறேன். 1772-ல் காளையார்கோவிலில் அவர் கணவர் முத்து வடுகநாதர் கொல்லப்படுகிறார். நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிப் பாளையத்துக்குப் போகிறார். பிரதானி, அதாவது அமைச்சர், தாண்டவராய பிள்ளை ஐயாயிரம் குதிரை, ஐயாயிரம் காலாள் கேட்டு ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதுகிறார். எழுதியவர் படை வருவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். சீமை திரும்பக் கைக்கு வந்தது 1780-ல்.

நடுவில் எட்டு வருஷம். யாரோ போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, கூட வந்தவர்கள் கலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, வளர்கிற மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு. நம் ஆட்கள் இதை ஒரே பாட்டில் கடத்திவிடுவார்கள். எனக்குக் கதை அங்கேதான் இருக்கிறது.

ராயபுரம் ரவுண்டு:
அண்ணே, அரண்மனைக்காரிக்குக் கடிதம் இருக்கும். வேலைக்காரிக்குப் பாட்டுதான் இருக்கும். கும்பெனிக்காரன் என்ன, "இன்று எங்கள் கிடங்கை ஒரு சாதாரணப் பெண் கொளுத்திவிட்டாள், மிகவும் வெட்கமாக இருக்கிறது" என்று மேலிடத்துக்கு எழுதுவானா? ஆவணம் இருந்தால்தான் ஆள் என்றால் எங்க தெருவில் ஒருத்தரும் பிறக்கவே இல்லை.

கயல், தீ இருக்கட்டும். விசில் பறக்கும்.

பழைய வண்ணை:
எழுத மாட்டான் என்பது சரி. அதனாலேயே நடந்தது என்றும் ஆகிவிடாது, தம்பி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

சிலம்பக்காரி, திருவொற்றியூர்:
நடந்ததா நடக்கவில்லையா என்பது என் கவலையே இல்லை. நான் கோல் சொல்லிக் கொடுக்கிறவள், என்னிடம் வருகிற பாதிப்பேர் பெண் பிள்ளைகள். தீ வைத்துக்கொண்ட பெண் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் யாருக்கும் கோட்டை ஞாபகம் வராது, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுதான் வரும். சுட்ட வாழையிலையில் படுக்கவைத்திருந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக நான் அங்கே இருந்திருக்கிறேன். டீசலை ஊற்றிக்கொண்டு ஓடுவது நீ எழுதியிருப்பது மாதிரி நாலு வரியில் முடிகிற காரியம் இல்லை, கயல். ஓடவே முடியாது. கிடங்குக் கதவைத் தொடுவதற்குள் விழுந்துவிடுவாள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆண் வீரன் கதையில் ஜெயித்தால் பட்டம் கட்டிக்கொள்கிறான். பெண் ஜெயித்தால் மட்டும் ஏன் சாம்பலாகிறாள்? உயிரோடு விட்டால் அவளை என்ன செய்வது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காசிமேட்டுக் கயல்:
அக்கா, அந்த வார்டைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசிக் கேள்விக்கு இருக்கிறது. குயிலி யாருக்கும் பயந்து தீ வைத்துக்கொள்ளவில்லை. மாமியார் கொடுமை இல்லை, கற்பு இல்லை, கணவன் சிதை இல்லை. ஒரு ராணுவக் குறியை அழிக்கத் தன் உடம்பையே வெடியாக்கினாள். நம் கதைகளில் பெண்ணுக்கும் தீக்கும் இருக்கிற பழைய உறவைத் தலைகீழாக்கியவள் அவள் ஒருத்திதான். அதை எடுத்துவிட்டால் பவுனு இன்னொரு தைரியசாலிப் பெண், அவ்வளவே.

எண்ணூர் கழிமுகம்:
குயிலி எந்தச் சாதி என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அப்புறம்

நிர்வாகி:
மேலே உள்ள பதிவின் மீதி நீக்கப்பட்டது. இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம்.

வியாசர்பாடி அத்தோ:
எல்லோரும் சிவகங்கைக்கே பஸ் ஏறுகிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு படை இருந்ததே?

நம்ம சென்ட்ரலுக்கு எதிரே மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டரானவர் லட்சுமி, பின்னால் கேப்டன் லட்சுமி. பிறகு சிங்கப்பூர் போய் அங்கே கூலிக்கு வந்த நம் சனங்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943 ஜூலையில் சுபாஷ் போஸ் தன் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படை வேண்டும் என்றதும், இருபது பெண்களைத் திரட்டி, புடவையிலேயே .303 ரைபிளைத் தூக்கவைத்து அணிவகுப்பு மரியாதை கொடுத்தார். அந்தத் துப்பாக்கி நாலு கிலோ கனம். அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். ஜான்சியை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள், பலர் இந்தியாவையே பார்த்திராதவர்கள். பவுனுக்கு இவர்களைவிட நெருங்கிய சொந்தம் யார்? ராணியும் இல்லை, புராணமும் இல்லை. கூலிக்காரி.

பழைய வண்ணை:
நல்ல உதாரணம். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். அந்தப் படை போர்முனைக்கு அனுப்பப்படவே இல்லை. பர்மாவில் மேமியோ வரை போனார்கள், அதற்குள் இம்பாலில் எல்லாம் முடிந்துபோனது. காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். படையின் எண்ணிக்கையிலும் ஆயிரம் என்று சொல்வோர் உண்டு, அதில் பாதிகூடத் தேறாது என்று சொல்லும் ஆய்வும் உண்டு. பயிற்சி எடுத்துத் திரும்பி வந்தவர்களை வைத்து எப்படிச் சண்டைக் கதை எழுதுவது?

ராயபுரம் ரவுண்டு:
அதானே. ரிங்குக்குள் ஏறாமலே கையுறையைக் கழற்றியவனை எங்க பக்கத்தில் குத்துச்சண்டைக்காரன் என்று சொல்ல மாட்டோம்.

வியாசர்பாடி அத்தோ:
ரிங்குக்குப் போகாதது அவர்கள் தப்பா? எங்களை முன்னால் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பகலில் விமானம் சுடும் என்று ஒளிந்திருந்து, இரவில் லாரியிலும் நடையிலுமாக பாங்காக் வரை போனார்கள். அது சண்டை இல்லையா?

எங்கள் ஆயாவின் அக்கா ரங்கூனில் அந்தப் படையில் சேர்ந்தவர். பெரியாயா என்று கூப்பிடுவோம். சேர்ந்த அன்று பின்னலை வெட்டினார்களாம். அம்மாக்காரி துப்பாக்கிக்கு அழவில்லை, பின்னலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம், இனி எவன் கட்டுவான் என்று. அறுபதுகளில் பர்மாவை விட்டுத் துரத்தியபோது எல்லோரையும் போல வெறுங்கையோடு கப்பலேறி வியாசர்பாடிக்கு வந்தார். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டார். நான் பார்த்தபோது கூன் விழுந்த கிழவி. ரேஷன் கடை வரிசையில் யாராவது முந்தினால் "சாவ்தான்!" என்று, அதாவது அட்டென்ஷன் என்று, ஒரு அதட்டல் போடுவார், முன்னால் நிற்கிற ஆம்பளைகள் என்ன ஏதென்று தெரியாமல் நிமிர்ந்து நிற்பார்கள். இந்தக் கிழவியை எழுது கயல். தீயில் குதித்தவள் ஒருநாள் வீரி. இவள் அதற்கப்புறம் நாற்பது வருஷம் அடுப்பு முன்னால் உட்கார வேண்டியிருந்தது.

ராயபுரம் ரவுண்டு:
சாவ்தான் பிரமாதம். ஆனால் அதைத் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில் வைத்தால் வாசகன் அடிக்க வருவான்.

எண்ணூர் கழிமுகம்:
சாதியை விடுகிறேன். ஆனால் எல்லோரும் இவர்களைக் கழுவித் துடைத்துத்தான் எடுக்கிறீர்கள். ஆப்பிரிக்காவில் தஹோமி நாட்டில் பெண்கள் படையே இருந்தது, 1890-களில் பிரெஞ்சுக்காரனோடு நேருக்கு நேர் நின்றது. இன்றைக்கு உலகம் பூரா அவர்களைப் பார்த்துக் கதாபாத்திரம் செய்கிறார்கள். அதே படை அக்கம்பக்கத்து ஊர்களில் ஆள் பிடித்தது, அந்த அரசு பிடித்தவர்களை அடிமையாக விற்றது. அதையும் சேர்த்து எழுதினால்தான் அவள் ஆள், இல்லாவிட்டால் காலண்டர் படம். பவுனுக்கு ஒரு கெட்ட குணமாவது கொடுத்தீர்களா?

காசிமேட்டுக் கயல்:
ஐந்தாம் அத்தியாயத்தில் சொந்தச் சித்தியின் கூடையைக் கடலில் கொட்டுகிறாள். படிக்காமலே பேச வந்துவிடுங்கள்.

சிலம்பக்காரி, திருவொற்றியூர்:
சண்டையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. பெண் போராளி என்றதும் எல்லோரும் கையில் நீளமான வாளைக் கொடுத்துவிடுகிறீர்கள். சிவகங்கைச் சீமையின் ஆயுதம் வளரி. வளைந்த கட்டை, வீசி எறிவது. சின்ன மருது தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தார் என்று கும்பெனி அதிகாரி வெல்ஷே எழுதிவைத்திருக்கிறான். அதற்குப் புஜபலத்தைவிட மணிக்கட்டும் கண்ணும் வேண்டும். கர்நாடகத்துச் சித்ரதுர்க்கக் கோட்டையின் ஒபவ்வாவைப் பாருங்கள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், கோட்டைச் சுவரின் இடுக்கில் ஹைதர் ஆட்கள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள். இவள் உலக்கையோடு நின்று வருகிற தலையை எல்லாம் இடிக்கிறாள். அதுவும் மக்கள் சொல்லி வந்த கதைதான், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. இடம் குறுகல், ஒரு நேரத்தில் ஒருத்தன், கையில் தினமும் பிடிக்கிற சாமான்.

பவுனு என்ன பிடிப்பாள்? முப்பது கிலோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் ஓடுகிறவள். அவள் பலம் கழுத்திலும் இடுப்பிலும் பாதத்திலும் இருக்கிறது, தோளில் இல்லை. வழுக்குகிற தரையில் செருப்புக் காலோடு வருகிற நாலு அடியாட்களை அவள் வெறுங்காலில் நின்று சமாளிக்கலாம். நம்பும்படி எழுதலாம். அந்தச் சண்டையை எழுத உனக்குச் சோம்பல், அதனால் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாய்.

காசிமேட்டுக் கயல்:
சோம்பல் இல்லை அக்கா. சரி, இப்படிச் செய்தால்? குப்பத்துத் திருவிழாவில் கூத்து நடக்கிறது, குயிலி கதை. மேடையில் குயிலி எரிகிறாள். ஊரே அங்கே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பவுனும் பெண்களும் கூடையோடு கிடங்குக்குள் போகிறார்கள். பத்திரம் எரிகிறது, பவுனு எரியவில்லை. வெளியே வரும்போது நீங்கள் சொன்ன ஈரத் தரைச் சண்டை.

ராயபுரம் ரவுண்டு:
இது நல்லா இருக்கு.

பழைய வண்ணை:
சாமர்த்தியமாக இருக்கிறது, ஆனால் ஏற்க மாட்டேன். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறீர்கள். மேடையில் ஒருத்தியை எரித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு, கதையில் இன்னொருத்தியைக் காப்பாற்றுகிறீர்கள். பத்திரத்தைக் கொளுத்திய மறுநாள் காலை போலீஸ் வரும், வட்டிக்காரன் வக்கீலோடு வருவான். நகல் பத்திரம் அவனிடம் இருக்கும். விருப்பாட்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதை எழுதாமல் எப்படிக் கடைசி அத்தியாயம் என்கிறீர்கள்?

காசிமேட்டுக் கயல்:
ஐயா, அப்படிப் பார்த்தால் இன்னும் பத்து அத்தியாயம் போகும்.

பழைய வண்ணை:
போகட்டுமே. யார் கேட்டார்கள்?

வியாசர்பாடி அத்தோ:
பத்தில் ஒன்றை ரேஷன் கடைக்கு ஒதுக்கு.