உள்வாடகைதாரர்கள் இருக்கும் கட்டடத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பது எப்படி?

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கடைக் கட்டடத்தின் ஒப்பந்தம் இம்மாத இறுதியில் முடிகிறது. என் சாமான்களை எடுத்துவிட்டேன். ஆனால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் நான் உள்வாடகைக்கு விட்ட இருவர் இன்னும் காலி செய்யவில்லை.

முன்பக்கம் இருக்கும் தையல்காரர், தீபாவளித் துணிகளை முடித்துக் கொடுக்காமல் போக முடியாது என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. பின்னறையில் இருந்த மாங்காய் வியாபாரியோ, சீசன் முடிந்ததும் காலிக் கிரேடுகளைக் கூரைவரை அடுக்கி, ஷட்டருக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போனவர், போனை எடுப்பதே இல்லை.

இருவருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். வியாபாரிக்குப் போனது திரும்பி வந்துவிட்டது. அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிட்டேன். இருவரையும் நேரடி வாடகைதாரர்களாக ஏற்கும்படி கேட்டதற்கு உரிமையாளர் மறுத்துவிட்டார். கட்டடம் காலியானால்தான் என் அட்வான்ஸ் கிடைக்குமாம். பூட்டை உடைக்கச் சொல்பவர்களும் உண்டு. வழக்காகிவிடும் என்பதால் அதற்கு நான் தயாரில்லை.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, குத்தகை முடிந்ததும் சொத்தை உரிமையாளரின் வசம் ஒப்படைக்க வேண்டியது வாடகைதாரரின் கடமை என்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி எங்கள் ஒப்பந்தம் பதிவாகியுள்ளது.

இந்நிலையில், கடைசி நாளன்று என் சாவியைக் கடிதத்துடன் ஒப்படைத்துவிட்டால் என் வாடகைப் பொறுப்பு அன்றோடு முடியுமா, அல்லது இவர்கள் இருவரும் வெளியேறும்வரை தொடருமா?